பேரூராட்சியில் உரிமம் எடுப்பதும் தெருவுக்கு வேலை கேட்பதும்: ராமநாதபுரம் கடலோரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தொண்டியில் டீக்கடை போட வந்திருக்கிறீர்கள். அல்லது கீழக்கரையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் தெருவில் விளக்கும் இல்லை, வாறுகாலும் (கழிவுநீர் வடிகால்) இல்லை என்று தெரிகிறது. இரண்டுக்கும் ஏறவேண்டிய படி ஒரே ஆபீஸ் படிதான். ஆனால் உள்ளே போனபின் பாதை பிரிந்துவிடும். உரிமம் அதிகாரியின் மேசையில் முடியும். செலவு பிடிக்கிற வேலை, கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் நகராது. இந்த வித்தியாசம் தெரியாமல் உரிமத்துக்குக் கவுன்சிலர் வீட்டுக்கும், வாறுகாலுக்குச் சுகாதார ஆய்வாளரிடமும் அலைகிறவர்கள் நிறைய.

1. உங்கள் இடம் யார் எல்லையில் இருக்கிறது?

மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர், அபிராமம், ஆர்.எஸ்.மங்கலம் பேரூராட்சிகள். தேவிபட்டினம், பெரியபட்டினம், வாலிநோக்கம் போன்றவை கிராம ஊராட்சிகள்; அங்கே சட்டமும் படிவமும் வேறு. இந்தக் கட்டுரை நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மட்டும். பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்க்கும் அறிவிப்புகள் அவ்வப்போது வருவதால், எல்லையோரத்தில் இருப்பவர்கள் இன்றைய நிலை என்ன என்று ஆபீஸிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்வார்த்தையை நம்பாமல் கட்டடத்தின் சொத்து வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். எந்த உள்ளாட்சி, எந்த வார்டு, வரிவிதிப்பு எண் என்ன என்பது அதில் இருக்கும். இந்த மூன்றும் இனி எழுதும் எல்லா மனுவிலும் வேண்டும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். எல்லை பேரூராட்சியுடையதாக இருந்தாலும் மண் அதனுடையதாக இருக்கவேண்டும் என்பதில்லை. மதுரை - ராமேஸ்வரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை இவற்றின் ஓரம் நெடுஞ்சாலைக்கு உரியது. மீன் இறங்குதளம் மீன்வளத் துறையிடம். கடற்கரைப் புறம்போக்கு வருவாய்த் துறையிடம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பேசும்; அங்கே புதுக் கட்டடம் என்றால் பேரூராட்சியின் கட்டட அனுமதி மட்டும் போதாது. 'நான் பார்த்துக்கிறேன், நீங்க கடையைப் போடுங்க' என்று சேர்மனே சொன்னாலும், நெடுஞ்சாலைக்காரர்கள் ஆக்கிரமிப்பு எடுக்க வரும் நாளில் அந்தச் சொல் நிற்காது.

2. எது மன்றத்துக்குப் போகும்?

பேரூராட்சியில் செயல் அலுவலர், அதாவது ஈ.ஓ.; நகராட்சியில் ஆணையர். தொழில் உரிமம், கட்டட அனுமதி, வரிவிதிப்பு, பிறப்பு இறப்புச் சான்று எல்லாம் இவர்கள் நிர்வாகத்தில் முடியும். இவற்றுக்குக் கவுன்சிலர் கையெழுத்து தேவையில்லை. யாராவது கேட்டால் எந்த விதியில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

வரி, கட்டண விகிதம் நிர்ணயிப்பது, சாலை, வாறுகால், விளக்கு, பூங்கா, கழிப்பறை போன்ற வேலைகள், டெண்டரை ஏற்பது, கடை ஏலத்தை உறுதிசெய்வது, வரவு செலவுத் திட்டம் ஆகியவை மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கப்பட்டுத் தீர்மான எண் பெறவேண்டும். அவசரம் என்று தலைவர் முன் அனுமதி கொடுத்து வேலையைச் செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு வாங்குவதும் நடக்கும். மழைக்காலத்தில் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு இப்படித்தான் சரியாகும்.

குடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெரும்பகுதிக்குத் தண்ணீர் வருவது காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து; அதை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். தெருக்குழாய், வீட்டு இணைப்பு, முறை வைத்துத் திறப்பது பேரூராட்சி வேலை. ஊருக்கே தண்ணீர் குறைவாக வந்தால் மன்றம் போடும் தீர்மானம் வெறும் கோரிக்கைதான்.

3. தொழில் உரிமம்

முதல் பொறி இது: தொழில் வரி வேறு, தொழில் உரிமம் வேறு. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருமானத்தைப் பொறுத்துக் கட்டுவது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்துவிட்டு 'லைசென்ஸ் இருக்கு' என்று நினைக்கும் கடைகள் உண்டு. பேங்கில் கடன் கேட்கும்போதோ சோதனையின்போதோதான் விஷயம் வெளிப்படும்.

உரிமத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை:

- வாடகை ஒப்பந்தம். சொந்தக் கட்டடம் என்றால் பத்திர நகல்.
- நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது.
- ஆதார், இரண்டு போட்டோ, கைபேசி எண்.
- கடையின் அளவைக் காட்டும் எளிய வரைபடம்.
- உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம். இது தனி, பேரூராட்சி தராது.
- ஐஸ் கம்பெனி, மீன் பதப்படுத்தும் கூடம் போன்றவற்றுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்பார்கள்.

விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் இப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளின் 'டிஎன் அர்பன் இ-பே' தளத்தில் செலுத்தலாம். இ-சேவை மையத்தில் போடச் சொன்னால், பதிவாகும் கைபேசி எண் உங்களுடையதுதானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மையத்துக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் 'இந்தக் குறையைச் சரிசெய்யவும்' என்ற செய்தி அவருக்குப் போகும், நீங்கள் கடையில் காத்துக்கொண்டிருப்பீர்கள்.

கட்டணம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். மன்றம் தீர்மானித்த கட்டணப் பட்டியல் ஆபீஸில் இருக்கும். உங்கள் தொழில் எந்த வரிசையில் வருகிறது என்று பட்டியலிலேயே பாருங்கள். டீக்கடையை 'ஓட்டல்' என்று பதிந்தால் கட்டணம் கூடும், அடுத்த ஆண்டும் அதுவே தொடரும். உரிமம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ற நிதியாண்டுக் கணக்கில் போகிறது. எனவே பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பிக்கிறவர்கள் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எங்கே சிக்குகிறது? பெரும்பாலும் கட்டட உரிமையாளரிடம். அவர் சொத்து வரி பாக்கி வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பம் நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வரிவிதிப்பு எண்ணை இணையத்தில் போட்டு பாக்கியைப் பாருங்கள். இதற்கு உரிமையாளர் சம்மதம்கூடத் தேவையில்லை. இன்னொன்று, அந்தக் கட்டடம் குடியிருப்பு என்று வரிவிதிக்கப்பட்டிருந்தால், நீங்கள் உரிமம் கேட்டதும் வணிக விகிதத்துக்கு மாற்றச் சொல்வார்கள். வரி ஏறும். ஏறிய வரி யார் தலையில் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், மூன்றாம் மாதம் சண்டை வரும்.

சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30 தேதிகளை ஒட்டி, கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. உச்சவரம்பு 5,000 ரூபாய். பாக்கி வைத்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. உரிமையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பலர் அசைவார்கள்.

சுகாதார ஆய்வாளர் நேரில் வரும்போது பார்ப்பது: மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனித் தொட்டி, கழிவுநீர் எங்கே போகிறது, தண்ணீர் எங்கிருந்து, தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மீன் கடைக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஐஸ் தண்ணீரை வாறுகாலில் நேரே விடுவதும் ஆய்வில் எழுதப்படும். கடைக்குள் வடிகட்டித் தொட்டி ஒன்று வைத்துச் செதிலையும் குடலையும் நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் வெளியே விடுங்கள்.

உரிமம் ஆளுக்கும் இடத்துக்கும் சேர்த்துத் தரப்படுவது. நடந்துகொண்டிருக்கும் கடையை விலைக்கு வாங்கினால் பழையவர் பெயரில் ஓட்டாதீர்கள், புதிதாக எடுங்கள்.

4. தள்ளுவண்டி, தெருவோரக் கடை

இதற்கு 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் சேர்ந்தால்தான் விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும். ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மட்டும் வந்து கடை போடுகிறவர்களை நிரந்தர வியாபாரியாகச் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் தற்காலிக அனுமதியைத் தனியாகக் கேட்கவேண்டும், அதுவும் கூட்டம் தொடங்குவதற்குப் பல வாரம் முன்பே.

சான்று கையில் இருந்தால், தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான ஸ்வநிதி கடனுக்கு வழி திறக்கும். முதல் தவணை 15,000 ரூபாய். சான்று இல்லாமல் தினமும் கட்டும் சந்தைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இடத்துக்கு உரிமை கோர முடியாது. ஆனாலும் சீட்டுகளைத் தூக்கி எறியவேண்டாம். கணக்கெடுப்பில் நீங்கள் அந்த இடத்தில் எத்தனை காலமாக விற்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

5. பேரூராட்சிக் கடையை ஏலம் எடுப்பது

பஸ் ஸ்டாண்ட் கடை, தினசரி மார்க்கெட் வசூல், கட்டணக் கழிப்பறை ஆகியவை பொது ஏலம் அல்லது டெண்டரில் போகும். ஆண்டுக் குத்தகை இனங்களுக்கு அறிவிப்பு நிதியாண்டு முடிவதற்கு முந்தைய மாதங்களில் வரும். ஜனவரியிலிருந்தே அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

ஏலத்தில் கை தூக்கும் முன் கணக்குப் போடவேண்டியது மாத வாடகையை மட்டுமல்ல. முன்வைப்புத் தொகை, சில பல மாத வாடகை அளவுக்கு டெபாசிட், வாடகையின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, பத்திரச் செலவு எல்லாம் சேரும். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தாலும் மன்றம் உறுதிசெய்த பிறகுதான் சாவி. அதற்குள் பெயர்ப் பலகை அடித்து, மரவேலைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். மறு ஏலம் என்று தீர்மானம் வருவதும் உண்டு. ஏலத்தில் எடுத்த கடையை உள்வாடகைக்கு விட்டால் அந்தக் கடைக்கான குத்தகை உரிமம் ரத்தாகும்.

6. தெருவுக்கு வேலை கேட்பது

இங்கேதான் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறார்கள். காரணம், 'எங்கள் தெருவுக்கு அடிப்படை வசதி வேண்டும்' என்ற மனு. அதை வைத்து எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட முடியாது. இப்படி எழுதுங்கள்: 'மூன்றாவது வார்டு, பள்ளிக்கூடத் தெரு, கிழக்குப் பக்கம், மின்கம்பம் எண் இதிலிருந்து இதுவரை, சுமார் 120 மீட்டர் நீளம், இரண்டடி அகல வாறுகால் வேண்டும். பயன்பெறும் வீடுகள் 34. தண்ணீர் விழவேண்டிய இடம் இந்த ஓடை.' ஒரு மனுவில் ஒரே வேலை. ஐந்து வேலையை ஒரே தாளில் எழுதினால் அது எந்தக் கோப்பிலும் சேராது.

இணைக்க வேண்டியவை: கையால் போட்ட வரைபடம், நான்கைந்து போட்டோ, வீட்டு எண்ணோடு கையெழுத்துகள், நிலம் யாருடையது என்பதற்கான புல எண். கையெழுத்து வாங்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான விசைப்படகுத் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள். பணம் பிரிக்க அதே காலம் மிக மோசம், அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

மனுவை மூன்று நகல் எடுங்கள். ஒன்று ஆபீஸில் தபால் பிரிவில். முத்திரையும் எண்ணும் தேதியும் இரண்டாம் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கவுன்சிலரிடம். ஈ.ஓ. கையில் நேரில் கொடுத்தேன் என்பது மரியாதைக்குச் சரி, பதிவுக்கு ஆகாது. பதிவு எண் இல்லாத மனு பிறகு தேடினால் கிடைக்காது. வார்டில் பகுதி சபை (அந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம்) கூட்டினால் அங்கேயும் அதே வேலையைச் சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது அஜெண்டா. மன்றம் மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பொருள் பட்டியல் கவுன்சிலர்களுக்குப் போய்விடும். அதில் உங்கள் வேலை இல்லையென்றால், கூட்டத்தில் கவுன்சிலர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அது பேச்சோடு சரி. எனவே கூட்டத்துக்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே இளநிலைப் பொறியாளரை இடத்துக்கு வரவழைத்து அளவெடுக்கச் செய்யவேண்டும். எஸ்டிமேட் இல்லாமல் பொருள் வைக்க மாட்டார்கள். கூட்டத்தில் பார்வையாளராக உட்காரத் தலைவரிடம் அனுமதி கேட்கலாம். ஆனால் அங்கே நீங்கள் பேச முடியாது.

ஆண்டில் எப்போது? வரவு செலவுத் திட்டம் மார்ச்சுக்குள் தயாராகும். டிசம்பர், ஜனவரியில் போன மனுவுக்கு அதில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கரையில் மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலைக்குள் பணி ஆணை வராத கான்கிரீட் வேலை பொங்கலுக்குப் பிறகுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. பணம் எங்கிருந்து?

பொதுநிதியில் பணம் இல்லை என்பது வழக்கமான பதில், பல சமயம் உண்மையும்கூட. சம்பளமும் மின்கட்டணமும் போனால் சிறு பேரூராட்சியில் மிஞ்சுவது கொஞ்சம். மாற்று வழிகள்: சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி; நிதிக்குழு மானியம்; நமக்கு நாமே திட்டம்.

கடலோர ஊர்களுக்குப் பொருத்தமானது நமக்கு நாமே. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சத்தை அரசு தரும். 6 லட்சம் ரூபாய் வேலைக்கு 2 லட்சம் உங்கள் பக்கம். வரைவோலை உள்ளாட்சியின் பெயரில் எடுக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ கொடுத்தால் கணக்கில் ஏறாது. வேலையும் பொது நிலத்தில்தான் நடக்கவேண்டும். தனியார் இடம் தர முன்வந்தால் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிந்த பிறகே எஸ்டிமேட். வழிபாட்டுத் தலங்களுக்கு இந்தத் திட்டத்தில் வேலை எடுக்க மாட்டார்கள்; பள்ளிவாசல், கோயில், சர்ச் வளாகத்துக்குள் விளக்கு என்று எழுதி அனுப்பினால் திரும்பும், அதன் முன்னுள்ள பொதுத் தெருவுக்கு என்றால் பிரச்சினையில்லை.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் பணம் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் சங்கத்துக்கு அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். பட்டியல் எடுக்கும்போதே இருவரையும் பிரித்துவிடுங்கள்.

உள்ளூரில் பிரிப்பதென்றால் மே மாதம் வேண்டாம். தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்கள் நிவாரணத்தையும் கடனையும் வைத்து ஓட்டுகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் சரியாக வரும்.

எஸ்டிமேட் தயாராகும்போதே பொறியாளரிடம் சொல்லவேண்டிய இரண்டு: விளக்குக் கம்பம் துருப்பிடிக்காமல் துத்தநாகப் பூச்சு செய்யப்பட்டதாக இருக்கட்டும், கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதப்படட்டும். பக்கத்துக் கிணற்று உப்புத் தண்ணீரையும் கடற்கரை மணலையும் கலந்தால் உள்ளே கம்பி அரித்து, சில வருடத்தில் வாறுகால் மூடி வெடித்துவிடும். லாரித் தண்ணீருக்குத் தொகை சேர்க்காத எஸ்டிமேட்டை எடுத்த ஒப்பந்தக்காரர் எந்தத் தண்ணீரை ஊற்றுவார் என்று சொல்லத் தேவையில்லை.

8. தீர்மானம் ஆனபிறகு

தீர்மானம் நிறைவேறியது என்று வாட்ஸப்பில் படம் வரும். தெருவில் இனிப்புக்கூடக் கொடுப்பார்கள். பாதி வழிதான் வந்திருக்கிறது. தீர்மான எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு பின்வரும் வரிசையில் விசாரியுங்கள்: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், டெண்டரை மன்றம் ஏற்பது, ஒப்பந்தம், பணி ஆணை. 'வேலை என்னாச்சு' என்று கேட்டால் 'நடக்குது' என்பார்கள். 'தொழில்நுட்ப அனுமதிக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்' என்று கேட்டால் தேதி சொல்லியாகவேண்டும்.

டெண்டருக்கு 2 கோடி ரூபாய் வரையான வேலைகளில் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும். யாரும் வராவிட்டால் மறு டெண்டர். சிறிய வேலைகளில் இது சகஜம். அப்படி ஆனால் பக்கத்துத் தெரு வேலையோடு சேர்த்து ஒரே டெண்டராக விடச் சொல்லிப் பாருங்கள், ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள்.

பணி ஆணை வந்ததும் அதன் நகலை வாங்குங்கள். நீளம், அகலம், கனம், முடிக்கவேண்டிய தேதி அதிலும் இணைப்பிலும் இருக்கும். சாலை என்றால் டேப் வைத்து அளக்க யாராலும் முடியும். கனத்தைத் தளம் காயும் முன் ஓரத்தில் பார்த்துவிடவேண்டும், பிறகு பார்க்க முடியாது. குறை இருந்தால் பில் போடும் முன் எழுத்தில் கொடுங்கள். அளவுப் புத்தகத்தில், எம்-புக் என்பார்கள், பதிந்து பணம் பட்டுவாடா ஆனபின் கொடுக்கும் புகாருக்குப் பலன் குறைவு.

9. கணக்குக் கேட்பது

எங்கேயாவது நின்றுவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணமில்லை.

'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதி மன்றக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டு நகல், இந்த வேலையின் எஸ்டிமேட், பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டுவாடாச் சீட்டு. கோப்பு பெரிதென்றால் நகலுக்குப் பதில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்; முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் நாளுக்கும் போகலாம். அங்கே கொடுத்த மனு சுற்றி அதே ஈ.ஓ. மேசைக்குத்தான் வரும். ஆனால் பதில் சொல்லவேண்டிய கெடுவோடு வரும். முதல் மனுவின் பதிவு எண்ணும் தீர்மான எண்ணும் அதில் இல்லையென்றால், புது மனுவாகக் கணக்கிட்டு 'பரிசீலனையில் உள்ளது' என்று அனுப்பிவிடுவார்கள்.